எலுமிச்சைப் புல்லை எப்போது நடலாம்?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம்மவர் பழமொழி. ஆனால் மல்கிரேவில் ஆடி மாதம் என்பது யூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரையான கடுங்குளிர் காலம். அப்போது நிலத்தில் நடும் எலுமிச்சைப் புல் (இலங்கையில் நாம் 'சேரை' என்போம்) பெரும்பாலும் பிழைப்பதில்லை. இங்கே அதற்குரிய பட்டம் ஐப்பசியும் கார்த்திகையும்தான்.

எலுமிச்சைப் புல் வெப்ப நாட்டுப் பயிர். உறைபனி விழுந்தால் இலையிலுள்ள நீர் உறைந்து, இலை கருகி வைக்கோல் நிறமாகிவிடும். நன்கு வேரூன்றிய புதர் என்றால் அடித்தண்டு தப்பி, வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கலாம். இளஞ்செடிக்கு அந்தப் பலம் இல்லை. அத்துடன் நமது பகுதியின் களிமண் குளிர்காலத்தில் நீரைப் பிடித்து வைப்பதால் வேர் அழுகிவிடும்.

உறைபனியை அறிவது எப்படி?

வானம் தெளிந்து, காற்று அசையாத இரவுகளில்தான் உறைபனி வரும். வானிலை அறிக்கையில் சொல்லப்படும் வெப்பநிலை நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்குச் சற்று மேலே அளக்கப்படுவது. ஆகவே அறிக்கை 2 பாகை என்றாலும் புல்தரையில் உறைபனி படியலாம். குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கி ஓடும். அதனால் டண்டினோங் ஓடையை ஒட்டிய தாழ்நிலத்து வீடுகளில், மேட்டிலுள்ள வீடுகளைவிட உறைபனி அதிகம்.

நடும் காலம்

• செப்ரெம்பர்: கடையில் வாங்கிய, அடிப்பகுதி வெட்டப்படாத தண்டுகளை ஒரு குவளைத் தண்ணீரில் வைத்து வெயில் படும் யன்னலோரம் வையுங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் வேர் விடும். பின் சிறு சாடியில் நட்டு வளருங்கள்.

• நவம்பர்: நிலத்தில் நடுங்கள். மெல்பேர்ண் கப் குதிரைப் பந்தய நாளில், அதாவது நவம்பர் முதற் செவ்வாயில், தக்காளி நடுவது இந்நகரத்தார் வழக்கம். அதே கணக்கு இதற்கும் பொருந்தும்.

• பெப்ரவரிக்குப் பின்: நிலத்தில் நட வேண்டாம். குளிருக்கு முன் வேரூன்ற நேரம் போதாது. அந்த ஆண்டு சாடியிலேயே இருக்கட்டும்.

சிட்னியில் கடலோரப் பகுதிகளில் உறைபனி அரிது என்பதால் செப்ரெம்பர் இறுதியிலேயே நடலாம். பென்றித், றிச்மண்ட் போன்ற மேற்குப் பகுதியினர் ஒக்ரோபர் வரை பொறுப்பது நல்லது.

இடமும் பராமரிப்பும்

இங்கு சூரியன் வடக்குப் பக்கமாகச் செல்வதால், வடக்கு நோக்கிய செங்கல் சுவரோரம் சிறந்த இடம். பகலில் சுவர் வாங்கும் சூடு இரவில் செடிக்குக் கிடைக்கும். மண்ணை மேடாக்கி நட்டால் தண்ணீர் தேங்காது.

குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள். அடியில் வைக்கோல் பரப்புங்கள். உறைபனி எதிர்பார்க்கும் இரவில் பழைய சேலையாலோ சாக்காலோ மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். கருகிய இலைகளை உடனே வெட்ட வேண்டாம். அவையே அடித்தண்டுக்குப் போர்வை. புதுத் துளிர் கண்டபின் வெட்டுங்கள். சாடியில் இருப்பவற்றை மே மாதத்திலேயே தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடலாம்.

உடல்நலத்துக்கு

இதன் மணத்துக்குக் காரணம் சிட்ரல் என்னும் பொருள். இலையைக் கொதிக்கவைத்த தேநீரில் கஃபீன் இல்லை. சீனி சேர்க்காமலே குடிக்கலாம். எனவே இரவில் தேநீர் தேடும் முதியோருக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஏற்றது. கறியில் தண்டை நசுக்கிப் போட்டு, பரிமாறுமுன் எடுத்துவிடுங்கள். சமையல் அளவு பாதுகாப்பானது. ஆனால் கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் இதை மருந்தாக அதிகம் குடிக்குமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம். இலையின் ஓரம் கையை அறுக்கும், சிறுவர்கள் கவனம்.

நவம்பரில் நட்ட புல்லைக் கோடை முழுவதும் வளரவிட்டால், அடுத்த குளிரைத் தாங்கும் பலம் அதற்கு வந்துவிடும்.