வியாபாரப் புத்தகம் வாங்கப் போகும் முன்

கடந்த மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வவுனியா பஸாரில் நடந்து வரும்போது, புதிதாகக் கடை திறந்திருக்கும் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "நானா, நாளைக்குக் கொழும்புக்குப் போறேன். வியாபாரத்தைத் திட்டமிட்டு நடத்த நல்ல புத்தகம் ஒண்டு சொல்லுங்க, வாங்கிக்கொண்டு வாறேன்" என்றார். கடையில் என்ன பிரச்சினை என்று கேட்டேன். "பிரச்சினை ஒண்டும் இல்ல, முன்னேறணும்" என்றார். பாமஸிக்குப் போய், வருத்தம் என்னவென்று சொல்லாமல் நல்ல மருந்தாகத் தாருங்கள் என்று கேட்பது போன்றதுதான் இது. அவரைக் குறை சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் புத்தகம் வாங்கினேன்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முள்ளியவளையில் இருந்த வாப்பாவின் கடையும் அங்கேயே நின்றுவிட்டது. பின்பு புத்தளத்தில் பல வருடங்கள். 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் வவுனியாவுக்கு வந்து சிறியதொரு ஹாட்வெயார் கடை போட்டேன். யுத்தம் முடிந்த பிறகு வன்னி முழுவதும் வீடு கட்டும் வேலை ஆரம்பமாகியது. 2012 ஒக்டோபரில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது.

அந்த நேரம் பார்த்து மருதானைப் பழைய புத்தகக் கடையில் ஆங்கிலத்தில் தடித்த புத்தகம் ஒன்று வாங்கினேன். அகராதியும் கையுமாக இரண்டு மாதம் வாசித்தேன். முதலில் சந்தைக்குள் நுழை, பெரும் பங்கைப் பிடி, இலாபம் பின்னால் வரும் என்பதே அதன் சாரம். கிளிநொச்சியில் ஒரு கிளை, முள்ளியவளையில் ஒரு கிளை திறந்தேன். கொழும்பு பழைய சோனகத் தெருவில் 45 நாள் காசோலைக்குச் சாமான் எடுத்தேன். இங்கே சனங்களுக்கு, அடுத்த கட்டப் பணம் வந்ததும் தாருங்கள் என்று கொடுத்தேன். விற்பனையோ அமோகம். கணக்கில் இலாபமும் இருந்தது. ஆனால் என் காசோலை 45ஆம் நாள் வங்கிக்குப் போய்விடும், அவர்களின் அத்திவார வேலை பார்த்து முடித்துப் பணம் வரும் நாளோ என் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை. முதற்தடவை காசோலை திரும்பியபோது லொறியை விற்றேன். இரண்டாம் தடவை மனைவியின் நகை போனது. அதற்கு மேல் இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. ஒரு குடும்பம் ஒரு வீட்டை ஒரு முறைதான் கட்டும். திட்டத்தின் வேலைகள் முடிந்து வர, கிளைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். 2016இல் இரண்டையும் பூட்டினேன்.

புத்தகம் பொய் சொல்லவில்லை. நட்டத்தைச் சில வருடம் தாங்கக்கூடிய, பங்குதாரர் பணத்தில் நடக்கின்ற பெரும் கம்பனிக்கு எழுதப்பட்டது அது. என் மேசையில் அதற்குப் பொருத்தமான வியாபாரம் இருக்கவில்லை. ஆகவே, இது யாருக்காக எழுதப்பட்டது என்பதையே எந்தப் புத்தகத்திலும் இப்போது முதலில் பார்க்கின்றேன்.

எனக்கு வேண்டியிருந்த பாடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. மகளின் சாதாரண தர வணிகக் கல்வி, கணக்கீட்டுப் பாடநூல் அது. காசேடு, கடன்பட்டோர், கடன்கொடுத்தோர், இலாபம் வேறு கையிலுள்ள காசு வேறு என்ற வித்தியாசம் எல்லாம் அதிலே பிள்ளைகளுக்கு விளங்கும் தமிழில் இருக்கின்றது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்படுவது, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் இறக்கிக்கொள்ளலாம். எமது வர்த்தகர்கள் பலர் இதைச் சின்னப்பிள்ளைப் புத்தகம் என்று ஒதுக்குகின்றார்கள். கடனை எழுதி வைப்பது பற்றிய வசனமே குர்ஆனில் ஆக நீளமானது என்று ஜும்ஆவில் கேட்கின்றோம், கடைக்கு வந்ததும் கடன் கணக்கை சிகரட் பெட்டியின் பின்புறத்தில் எழுதுகின்றோம்.

அதற்கு அடுத்தபடியாக, எழுதி நிரப்பும் புத்தகங்களைச் சொல்வேன். சர்வதேச தொழில் ஸ்தாபனம், வியாபாரத்தைத் தொடங்குவோருக்கும் மேம்படுத்துவோருக்கும் என்று உருவாக்கிய பயிற்சிநூல்கள் பல நாடுகளில் பாவனையில் இருக்கின்றன. எமது நாட்டிலும் அந்தப் பயிற்சி நடந்து வருகின்றது. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு காசு வரும், எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே எழுதும் காசுப்பாய்ச்சல் திட்டம் அதில் ஒரு பகுதி. அந்த ஒரு தாளை 2012இல் நான் நிரப்பியிருந்தால் லொறி இன்றும் வாசலில் நின்றிருக்கும்.

பெரிய புத்தகங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பீட்டர் ட்ரக்கர் 1954இல் எழுதிய 'த பிராக்டிஸ் ஒஃப் மெனேஜ்மென்ட்' முகாமைத்துவத்தில் இன்றும் பேசப்படும் நூல். எமது வியாபாரம் என்ன, எமது வாடிக்கையாளர் யார் என்ற இரண்டு கேள்விகளை அவர் விடாமல் கேட்கின்றார். விடை தெரிந்ததுதானே என்றுதான் நானும் நினைத்தேன். யோசித்துப் பார்த்தபோது, காசு கொடுப்பவர் வீட்டுக்காரர் என்றாலும் எந்தக் கடை, எந்தக் கம்பி, எந்தப் பெயின்ட் என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் மேசன் பாஸ் என்பது புரிந்தது. இருபது வருடமாக நான் வரவேற்றது வீட்டுக்காரரை. பாஸை வெளியே நிற்கவிட்டிருக்கிறேன்.

மைக்கல் போர்ட்டர் 1980இல் எழுதிய 'கொம்பெட்டிட்டிவ் ஸ்ட்ரட்டஜி' மூலோபாயம் பற்றியது. போட்டி என்பது எதிர்க்கடை மட்டுமல்ல. சாமான் தருபவர், வாங்குபவர், புதிதாக வரக்கூடியவர், உங்கள் பொருளுக்குப் பதிலாக வரும் வேறு பொருள் ஆகியனவும் இலாபத்தை இழுக்கும் என்று முதலாம் அத்தியாயத்தில் விளக்குகின்றார். அந்த ஓர் அத்தியாயத்தைக் கடையில் இருந்தபடி வாசித்தால் போதும். மிச்சம் பெரிய கைத்தொழில்களுக்கு உரியது. எமக்கு மிகக் கிட்ட வருவது மைக்கல் கேர்பர் 1995இல் வெளியிட்ட 'த ஈ-மித் ரீவிசிட்டட்' எனலாம். நன்றாகக் கேக் செய்யத் தெரிந்தவர் நன்றாகக் கேக் கடை நடத்துவார் என்பதில்லை என்று சொல்லும் புத்தகம் அது. முதலாளி உம்றாவுக்குப் போனால் விலையும் தெரியாமல் கடனும் தெரியாமல் பொடியன்கள் முழிக்கும் கடைகள் எங்கள் வீதியில் எத்தனை!

வெற்றி பெற்ற கம்பனிகளின் கதையைச் சொல்லி இரகசியம் தருகின்றோம் என்னும் புத்தகங்களில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. ஜிம் கொலின்ஸின் 'குட் டு கிரேட்' 2001இல் வந்து உலகமெங்கும் விற்றது. அதில் உதாரணமாகக் காட்டிய பதினொரு கம்பனிகளில் சர்க்கிட் சிட்டி 2008இல் வங்குரோத்தானது. ஃபென்னி மேயை அதே வருடம் அமெரிக்க அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்தது. நல்ல காலத்தில் பார்த்தால் முதலாளி செய்ததெல்லாம் கெட்டித்தனமாகவே தெரியும் என்று பில் ரோசன்ஸ்வைக் 2007இல் 'த ஹேலோ எஃபெக்ட்' என்ற நூலில் காட்டியிருக்கின்றார். 2013இல் என்னையும் கெட்டிக்காரன் என்றுதான் பஸாரில் சொன்னார்கள்.

தமிழில் தேடுவோருக்கு ஒரு வார்த்தை. 2004க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வணிக நூல்கள் நிறைய வருகின்றன. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' தெளிவான நூல், ஆனால் அது பங்குச் சந்தை பற்றியது. பெயரைப் பார்த்துத் துணிக்கடைக்கு வாங்கினால் ஏமாற்றம் புத்தகத்தின் குற்றமல்ல. வரி, சட்டம் பற்றி அங்கே எழுதப்படுவது இந்தியாவுக்கு உரியது. எமக்கு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், ஊழியர் சேமலாப நிதி, 2024 ஜனவரியில் 18 வீதமாகிய பெறுமதி சேர் வரி என்று வேறு கணக்கு. அச்சான வருடத்தைப் பார்க்காமல் வரிப் புத்தகம் வாங்கவே கூடாது. கடன் வாங்கிப் பெருப்பிக்கச் சொல்லும் அத்தியாயங்கள் பெரும்பாலும் வட்டியை வைத்தே கணக்குப் போடுகின்றன. வட்டியைத் தவிர்ப்பவர் அந்தக் கணக்கை முழுவதாகத் திருப்பிப் போடவேண்டும்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்தால் நான் முன்னுரையை விட்டு நடுப்பக்கத்தைத் திறப்பேன். அங்கே இலக்கம் இருக்கிறதா, யாராவது தோற்ற கதை இருக்கிறதா, நாளைக் காலையில் கல்லாவில் இருந்து செய்து பார்க்க ஏதேனும் உண்டா? மூன்றும் இல்லையென்றால் வைத்துவிட்டு வருவேன்.

அந்தத் தம்பியிடம் வேறொன்றும் சொல்லவில்லை. போகும் முன் கடன் கொப்பியைக் கூட்டிப் பாருங்கள் என்றேன். கொழும்பிலிருந்து வந்ததும் தொலைபேசியில் பேசினார். புத்தகம் வாங்கவில்லையாம். பதினொரு இலட்சம் வெளியே நிற்கிறதாம், அதில் பாதி ஒரே ஆளிடம். "நானா, இப்ப கேள்வி இருக்கு" என்றார். கொப்பியை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.