பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள்

கேள்வி: எங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட் கிட்டத்தட்ட 70 பக்கம். பொருளடக்கத்தை நானே டைப் செய்து, தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே வரிசையாகப் புள்ளி வைத்து நிரப்பினேன். மூன்றாம் அத்தியாயத்தில் இன்னும் இரண்டு பக்கம் எழுதச் சொன்னார் கைடு. எழுதியதும் அதற்குப் பிந்தைய எண்கள் எல்லாம் தப்பாகிவிட்டன. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். வேறு வழி உண்டா?
– இறுதியாண்டு பி.இ. மாணவி, விருதுநகர்

பதில்: உண்டு. முதலில் அந்தப் புள்ளிகளை எல்லாம் அழித்துவிடுங்கள்.

அத்தியாயத் தலைப்பை 16 அளவில், தடித்த எழுத்தில், நடுவில் வைத்திருப்பீர்கள். படிப்பவருக்கு அது தலைப்பு. வேர்டுக்கோ அது கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கும் இன்னொரு பத்திதான். ‘இது தலைப்பு’ என்று நீங்கள் அதனிடம் சொல்லவே இல்லை. சொல்லும் இடம் ஹோம் பட்டையில் இருக்கும் ஸ்டைல்ஸ். அத்தியாயத் தலைப்பில் கர்சரை வைத்து ‘ஹெடிங் 1’ கொடுங்கள். 1.1, 1.2 என வரும் உட்தலைப்புகளுக்கு ‘ஹெடிங் 2’, 1.1.1 வகைக்கு ‘ஹெடிங் 3’. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 1, 2, 3 என்ற எண்ணை அழுத்தினாலும் இதுவே நடக்கும்.

கொடுத்ததும் தலைப்பு நீல நிறமாக மாறும், எழுத்துருவும் வேறாகிவிடும். பல மாணவர்கள் இந்த இடத்தில் பயந்துபோய்ப் பழைய வழிக்கே திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். ஸ்டைல்ஸ் பெட்டியில் ஹெடிங் 1 மீது வலது கிளிக் செய்து ‘மாடிஃபை’ போய், துறை கேட்கிற எழுத்துரு, அளவு, கறுப்பு நிறம் ஆகியவற்றை ஒரே ஒரு முறை வைத்துவிடுங்கள். எல்லா அத்தியாயத் தலைப்புகளும் ஒரே நொடியில் மாறும். அங்கேயே பத்தி அமைப்பில் ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ என்பதையும் தேர்ந்துவிட்டால், ஒவ்வொரு அத்தியாயமும் தானாகவே புதுப் பக்கத்தில் தொடங்கும். என்டரை இருபது தடவை தட்டி அடுத்த பக்கத்துக்குத் தள்ளும் வேலை இனி இல்லை.

அத்தியாய எண்களையும் கையால் போடாதீர்கள். ‘மல்டிலெவல் லிஸ்ட்’டில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று எழுதியிருக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். நாளை கைடு 4.2-ஐ நீக்கச் சொன்னால் 4.3 தானே 4.2 ஆகிவிடும். இதன் பிறகு ‘ரெஃபரன்சஸ்’ பட்டையில் ‘டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்’ கொடுத்தால் பொருளடக்கம் புள்ளிகளோடும் எண்களோடும் வந்து உட்காரும். எதையாவது மாற்றினால் பொருளடக்கத்தின் மேல் கிளிக் செய்து எஃப்9 அழுத்துங்கள். பக்க எண்ணை மட்டும் புதுப்பிக்கவா, முழுவதையுமா என்று கேட்கும். எப்போதும் முழுவதையும்.

படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் இதே வழிதான். ‘இன்சர்ட் கேப்ஷன்’ வழியாகப் பெயர் கொடுங்கள். அங்கே ‘நம்பரிங்’கில் அத்தியாய எண்ணைச் சேர்க்கச் சொல்லி, பிரிக்கும் குறியாகப் புள்ளியைத் தேர்ந்தால் 3.2 என்ற வடிவில் வரும். ஹெடிங் 1-க்குத் தானியங்கி எண் இருந்தால்தான் இது சரியாக நடக்கும். உரையில் ‘படம் 3.2-இல் காண்க’ என்று எழுதும்போதும் அந்த எண்ணை டைப் செய்யாமல் ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ மூலம் செருகுங்கள். எல்லாம் முடிந்ததும் கன்ட்ரோல் ஏ, பிறகு எஃப்9. நடுவில் ஒரு படத்தை நீக்கியிருந்தால், அதைச் சுட்டிய இடத்தில் ‘எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். அது அச்சாகி, வைவா நாளில் தேர்வாளர் கண்ணில் படக்கூடாது. ‘எரர்’ என்ற சொல்லை ஆவணம் முழுக்கத் தேடிப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: சான்றிதழ், அப்ஸ்ட்ராக்ட், பொருளடக்கம் வரை ரோமன் எண்; முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3. இதுதான் எங்கள் துறை விதி. ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறுகிறது. கடைசியில் இரண்டு தனி ஃபைலாக்கி அச்செடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.
– எம்.சி.ஏ. மாணவர், சேலம்

பதில்: இரண்டாகப் பிரித்தால் பொருளடக்கம் அடுத்த ஃபைலின் பக்க எண்களைத் தானாக எடுக்காது. ஒரே ஃபைலாகவே இருக்கட்டும்.

பொருளடக்கம், படப் பட்டியல் எல்லாம் முடிந்து முதல் அத்தியாயம் தொடங்கும் இடத்துக்கு முன்னால் கர்சரை வைத்து ‘லேஅவுட்’, ‘பிரேக்ஸ்’, அதன் கீழ் ‘செக்‌ஷன் பிரேக்ஸ்’ பகுதியில் ‘நெக்ஸ்ட் பேஜ்’ கொடுங்கள். மேலே இருக்கும் ‘பேஜ்’ என்பது வெறும் பக்க முறிவு. அது இந்த வேலைக்கு உதவாது. (ஹெடிங் 1-இல் ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ வைத்திருப்பவர்களுக்கு இங்கே வெற்றுப் பக்கம் வராது.) பிறகு முதல் அத்தியாயத்தின் அடிப்பகுதியில் இரட்டைக் கிளிக் செய்து ‘லிங்க் டு பிரீவியஸ்’ என்பதை அணைத்துவிடுங்கள். உங்களை இவ்வளவு நாள் படுத்தியது இந்த ஒரு பொத்தான்தான். அது விழித்திருக்கும்வரை இரண்டுக்கும் பக்க அடிப்பகுதி ஒன்றே. அணைத்த பிறகு ‘ஃபார்மட் பேஜ் நம்பர்ஸ்’ போய் 1-இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முன் பகுதிக்குப் போய் சிறிய ரோமன் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பைத் துண்டிக்கும் முன் எதையும் அழிக்காதீர்கள்.

முகப்புப் பக்கம் i என்று கணக்கில் வரும், ஆனால் எண் தெரியக்கூடாது என்றால் ‘டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்’ போதும். அகலமான அட்டவணைக்கு ஒரு பக்கத்தை மட்டும் கிடைமட்டமாகத் திருப்புவதற்கும், அதற்கு முன்னும் பின்னும் இதே செக்‌ஷன் பிரேக்தான் வேண்டும். முறிவுகள் எங்கே இருக்கின்றன என்று கண்ணுக்குத் தெரிய கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் வேலை செய்பவர்கள் செக்‌ஷனைத் தேட வேண்டாம். அங்கே இந்த வேலையைச் செய்வது ‘பேஜ் ஸ்டைல்’. ‘மேனுவல் பிரேக்’ செருகும்போது அடுத்த பக்கத்துக்கு வேறொரு பேஜ் ஸ்டைலும் தொடக்க எண்ணும் கொடுத்துவிடலாம்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி ஒன்றாகச் சேர்த்தோம். நான்கு விதமான எழுத்து, நான்கு விதமான வரி இடைவெளி!
– பி.எஸ்சி. மாணவர்கள், நாகர்கோவில்

பதில்: சேர்க்கும்போது எப்படி ஒட்டினீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெறுமனே ஒட்டினால் ஒவ்வொருவரும் கையால் செய்த அலங்காரமும் கூடவே வந்துவிடும். ஒட்டும்போது வலது கிளிக்கில் ‘யூஸ் டெஸ்டினேஷன் ஸ்டைல்ஸ்’ கொடுங்கள். நால்வரும் ஹெடிங் 1, ஹெடிங் 2, நார்மல் என்று முறையாக வைத்திருந்தால், அவரவர் திரையில் எப்படித் தெரிந்தாலும், இறுதி ஃபைலின் தோற்றத்துக்கு எல்லாம் மாறிவிடும். ஸ்டைலே வைக்காதவர்களின் பகுதியை ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ என்று வெறும் எழுத்தாக ஒட்டி, தலைப்புகளுக்குப் புதிதாக ஸ்டைல் கொடுப்பதுதான் வேகமான வழி. படங்கள் அப்போது வராது. அவற்றைத் தனியே கொண்டுவாருங்கள். இறுதி ஃபைல் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: தமிழ் முதுகலை ஆய்வேட்டில் பாதி பாமினியிலும் பாதி யூனிகோடிலும் இருக்கிறது. பொருளடக்கத்தில் சில தலைப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகின்றன. அளவை மாற்றினாலும் சில இடங்களில் மாறவில்லை.
– எம்.ஏ. மாணவி, தஞ்சாவூர்

பதில்: பாமினியில் ‘தமிழ்’ என்று நீங்கள் பார்ப்பதைக் கணினி ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கிறது. எழுத்துரு தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. பொருளடக்கத்துக்கு வேறு எழுத்துரு என்று ஆனதும் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே வந்துவிடுகின்றன. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றது. எனவே தயங்காமல் முழு ஆய்வேட்டையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிகள் நிறைய உள்ளன. ஆனால் பாமினிப் பத்திகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள். நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் அடைப்புக்குறிகளும் சேர்ந்து உருமாறியிருக்கலாம். மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் மூலத்தோடு வைத்து வாசியுங்கள். இதற்கு நாள் பிடிக்கும், ஆனால் மேற்கோள்களை நம்பி எழுதப்படும் ஆய்வேட்டில் இந்த வாசிப்பை விடவே கூடாது.

அளவு மாறாததற்குக் காரணம் வேறு. வேர்டு தமிழை ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று தனியாக வைத்திருக்கிறது. அதற்கு எழுத்துருவும் அளவும் தனி. ஸ்டைலின் ‘மாடிஃபை’யில் ‘ஃபான்ட்’ பெட்டியைத் திறந்து அந்தப் பகுதியில் லதா அல்லது நிர்மலா யூஐ என்று வைத்து அளவும் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் சரியாக இருந்த ரிப்போர்ட் ஜெராக்ஸ் கடையில் திறந்ததும் குலைந்துவிட்டது. ஏன்?
– பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு

பதில்: கடைக் கணினியில் உங்கள் எழுத்துருவோ அதே வேர்டு பதிப்போ இல்லாதிருந்திருக்கும். வேர்டு ஃபைலைக் கொண்டுபோகாதீர்கள், பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள். அதற்கு முன் தாள் அளவு ஏ4-தானா என்று பாருங்கள். சில வேர்டுகள் அமெரிக்க ‘லெட்டர்’ அளவில் திறக்கும். அது ஏ4-ஐவிட 18 மில்லிமீட்டர் குட்டை, 6 மில்லிமீட்டர் அகலம். கடைசி நேரத்தில் மாற்றினால் வரிகள் நகர்ந்து பக்க எண்கள் மாறும். பொருளடக்கத்தை மறுபடி புதுப்பிக்க வேண்டும். பைண்டிங் விழுங்கும் இடத்துக்காக இடது ஓரம் மற்ற ஓரங்களைவிடக் கூடுதலாக இருக்கட்டும். கடையில் ‘ஃபிட் டு பேஜ்’ கொடுத்தால் எல்லாம் சுருங்கிவிடும்; உள்ளபடியே, 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.