நாவே காட்டிக்கொடுக்கும்



சம்மாந்துறைக் கடைத்தெருவில் சற்றுக் காதுகொடுத்து நில்லுங்கள். ‘வாப்பா’, ‘உம்மா’, ‘காக்கா’, ‘ராத்தா’ என்ற அழைப்புகள் கேட்கும். ஒருவர் இறந்தால் ‘மௌத்தாகிவிட்டார்’ என்பார்கள். பேசுபவர் முஸ்லிம் என்று முகம் பாராமலே அறிவீர்கள். அடுத்த வாக்கியத்தில், ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ என்பார். அதையோ காரைதீவு இந்துவும் மட்டக்களப்புக் கத்தோலிக்கரும் சொல்வர். ஒரே நாவில் இரண்டு அடையாளங்கள்: ஒன்று சமயத்தைச் சொல்கிறது, மற்றது மண்ணைச் சொல்கிறது.

நம்மிடமும் இது உண்டு. ‘பாவசங்கீர்த்தனம்’, ‘அவஸ்தைப் பூசுதல்’ என்றால் நம் வீடுகளில் விளக்கம் வேண்டாம், அயல்வீட்டார் திகைப்பர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின் ‘பூசை’ என்பது ‘திருப்பலி’ ஆயிற்று. இன்றும் ‘பூசைக்குப் போனேன்’ என்பவரிடம் பழைய தலைமுறையின் குரலைக் கேட்கிறோம்.

இத்தகைய சொல் பொருளை மட்டும் தருவதில்லை. ‘நீயும் நம்மவன்’ என்றும் சொல்கிறது. அதுவே அதன் இனிமை. அதுவே அதன் ஆபத்தும்.

தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவரது பேச்சே (மத். 26:73). யோர்தான் துறையில் கிலயாத்தியர், ‘ஷிபோலேத்’ என்னும் சொல்லைச் சரியாக உச்சரிக்காத எப்ராயிமியரை வெட்டி வீழ்த்தினர் (நீதித்தலைவர்கள் 12). பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1983 ஜூலையில் நம் நாட்டிலேயே வன்முறைக் கும்பல்கள், வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்து தமிழரைப் பிரித்தெடுத்தன. அதன் முதல் ஒலி தமிழ் நாவுக்கு எளிதில் வராது.

ஒரே மொழி பேசினால் போதுமா? அதுவும் இல்லை. 1985இலும் 1990இலும் இக்கிழக்குக் கரையில் தமிழர், முஸ்லிம் இரு பக்கமும் உயிர்கள் போயின. இருவரும் ‘மறுகா’ என்று சொல்பவர்களே.

அப்படியானால் நம் சொற்களைக் கைவிடுவதா? வேண்டாம். அவை முன்னோர் தந்த சொத்து. ஆனால் அயலவரின் சொல்லையும் கற்போம். துக்க வீட்டில், ‘வாப்பா மௌத்தான செய்தி கேட்டு வந்தோம்’ என்று நீங்கள் சொன்னால், அவ்வீட்டார் தம் துயரத்தை உங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அவ்வாறே, ‘பூசை என்றால் என்ன?’ என்று முஸ்லிம் சிறுவன் கேட்டால் சிரிக்காமல் விளக்குங்கள். சொல் கதவாக இருக்கட்டும். காவல் அரணாக வேண்டாம்.

குடும்பத்தில் சிந்திக்க:

1. நம் வீட்டுச் சொற்களில் விருந்தினருக்கு விளங்காதவை எவை?

2. அயலவரின் சொற்களில் எத்தனை நமக்குத் தெரியும்?

3. பிறர் பேச்சை நையாண்டி செய்யும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டா? அதை யாரிடம் கற்றார்கள்?