தோத்தவருக்கு ஒரு கேள்வி, எல்லாருக்கும் ஒரு சிரிப்பு! அறுபதைத் தாண்டின செஸ் பிரியர்களுக்கு அக்காவின் 7 டிப்ஸ்

அறுபதைத் தாண்டின என் தம்பி, தங்கைகளே! ரிட்டயர் ஆன கையோட, பரண்ல கிடந்த செஸ் போர்டைத் தூசி தட்டி எடுத்தவங்க உங்கள்ல நிறைய பேர். ரொம்ப நல்லது. ஆனா சில மாசத்துலயே அது திரும்பப் பரணுக்குப் போயிடுது. இளவயசுல சட்டுனு பிடிபட்ட ஆட்டம் இப்ப நழுவுது, பக்கத்துல நிக்கிற குதிரைகூட கண்ணுக்குத் தெரியலையேன்னு ஒரு சோர்வு வந்துடுது. அதுக்கு நான் கண்ட மருந்து ரெண்டு: ஒரு நல்ல கேள்வி, மனசு விட்டு ஒரு சிரிப்பு. இது ரெண்டும் இருந்தா, தோத்தாலும் மறுநாள் ஆசையா வந்து உட்காருவீங்க.

1. தோத்தவர் கேள்வி கொண்டு வரணும்

இதை உங்க செட்டுல சட்டமாவே வைங்க. இன்னிக்குத் தோத்தவர் நாளைக்கு ஒரு செஸ் கேள்வியோட வரணும். ஜெயிச்சவர் பதில் சொல்ல முயற்சி பண்ணின பிறகுதான் முதல் காய் நகரணும். தோத்தவர் ராத்திரி பூரா தோல்வியை நினைச்சுப் புழுங்க மாட்டார், ஜெயிச்சவரை மடக்க ஒரு கேள்வியைத் தேடிட்டிருப்பார். ஆரம்பிக்கச் சில கேள்விகள் இதோ. இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் யார்? மானுவேல் ஆரோன், 1961. முதல் கிராண்ட்மாஸ்டர்? ஆனந்த், 1988. சிவபெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர்னு பேர் இருக்கிற கோயில்? நீடாமங்கலம் பக்கத்துல பூவனூர். 2022-ல மாமல்லபுரத்துல நடந்த செஸ் ஒலிம்பியாட்ல வேட்டி சட்டையோட நின்ன குதிரைக்கு என்ன பேர்? 'தம்பி'!

2. கையால தேடுற கேள்வியா கேளுங்க

பேரும் வருஷமும் மட்டும் போதாது. காயை எடுத்து வெச்சுப் பார்க்கத் தூண்டுற கேள்விகள்தான் மூளைக்கு நல்ல வேலை கொடுக்கும். காலி போர்டுல ஏ1 மூலையில ஒரு குதிரையை வைங்க. அதுக்குக் குறுக்கால ஒட்டி இருக்கிற பி2 கட்டத்துக்கு எத்தனை தாவல்ல போகும்? பக்கத்துக் கட்டம்தானேன்னு நினைச்சு, ரெண்டுன்னு சொல்வாங்க. வெச்சுப் பாருங்க: சி2, ஈ3, சி4, அப்புறம் பி2. நாலு தாவல் வேணும், அதுக்குக் குறைச்சு முடியாது. எதிர் மூலை எச்8 எவ்வளவோ தூரம், அதுக்கு ஆறே தாவல். பேரப்பிள்ளைங்க கிட்ட, போர்டுல மொத்தம் எத்தனை சதுரம்னு கேளுங்க. 64-னு கத்துவாங்க. பெரிசு, சின்னது எல்லாம் சேர்த்தா 204. அவங்களோட சேர்ந்து எண்ணுங்க.

3. கதையைப் பார்க்காம சொல்லுங்க

உலக சாம்பியனா இருந்த மிகைல் டால் தன் புத்தகத்துல சொன்ன கதை இது. வாசியுகோவ்கூட ஆடும்போது, குதிரையைப் பலி கொடுக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருக்கார். கணக்கு மேல கணக்கு குவியுது. திடீர்னு குழந்தைக் கவிஞர் சுகோவ்ஸ்கியோட பாட்டு ஞாபகம் வருது: சகதியில மாட்டின நீர்யானையை இழுத்து வெளியே எடுக்கிறது எவ்வளவு கஷ்டம்! ஜாக்கி, நெம்புகோல், ஹெலிகாப்டர், நூலேணின்னு எல்லாத்தையும் மனசுல போட்டுப் பார்க்கிறார். எதுவும் ஆகலை. முழுகட்டும்னு விட்டுடறார். நீர்யானை மறைஞ்சதும் ஆட்டம் சுலபமாத் தெரியுது. குதிரையைக் கொடுத்து ஜெயிக்கிறார். மறுநாள் பேப்பர்ல, டால் நாப்பது நிமிஷம் நுணுக்கமாக் கணக்குப் போட்டு அந்தக் காயைக் கொடுத்தார்னு செய்தி!

இப்படி ஒரு கதையை இன்னிக்குப் படிச்சு, நாளைக்குத் தாளைப் பார்க்காம சொல்லுங்க. பேர் வாயில வரலைன்னா உடனே ஃபோனை எடுக்காதீங்க. எந்த நாட்டுக்காரர், முதல் எழுத்து என்னன்னு ரெண்டு நிமிஷம் தேடுங்க. அந்தத் தேடல்தான் ஞாபகத்துக்கு உடற்பயிற்சி.

4. மூவைப் பார்த்துச் சிரிங்க, ஆளைப் பார்த்து வேண்டாம்

எதிராளி யோசிக்கும்போது பேச்சே கூடாது. ஆட்டம் முடிஞ்சதும் அந்த அசட்டு மூவை ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துப் போட்டுச் சிரிக்கலாம். 'வயசாயிடுச்சு', 'மறந்துட்டியா'ங்கிற கிண்டல் மட்டும் வேண்டவே வேண்டாம். அது மனசுல தைச்சா அவர் நாளைக்கு வரமாட்டார். சிரிக்க விஷயமா இல்லை? 1978-ல பாகியோ நகரத்துல கார்போவும் கோர்ச்னாயும் உலகப் பட்டத்துக்கு மோதின போட்டி. ஆட்டத்துக்கு நடுவுல கார்போவுக்கு ஒரு கப் யோகர்ட் வந்துது. அதுல ரகசியச் செய்தி இருக்கலாம்னு கோர்ச்னாய் தரப்பு புகார் கொடுத்துது! இதைச் சொல்லிட்டு டீயை நீட்டுங்க, எந்தத் தோல்வியும் லேசாயிடும்.

5. பெரியவங்க கணக்கை மனசுல வைங்க

எமானுவேல் லாஸ்கர் 66 வயசுல, 1935 மாஸ்கோ போட்டியில மூணாவது வந்தார். ஸ்மிஸ்லோவ் அறுபதுக்கு மேல 1984-ல கேண்டிடேட்ஸ் ஃபைனல்ல காஸ்பரோவ்கூட ஆடினார். கோர்ச்னாய் 79 வயசுல, 2011-ல ஜிப்ரால்டர்ல, 18 வயசு கருவானாவைத் தோற்கடிச்சார். மூத்தவங்களுக்கான உலகப் போட்டியே 50 வயசு, 65 வயசுன்னு ரெண்டு பிரிவா நடக்குது. வேகம் குறையலாம். ஆனா பார்த்த உடனே நிலையைப் புரிஞ்சுக்கிறது பல வருஷம் ஆடினவங்களோட சொத்து. அதனால பிளிட்ஸை விட்டுட்டு, ஆளுக்கு அரை மணி நேரம் வெச்சு ஆடுங்க.

6. மூவ்களை எழுதுங்க

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். ஒவ்வொரு மூவையும் எழுதி, கீழே அன்னிக்கு யார் என்ன சொல்லிச் சிரிச்சோம்னு ஒரு வரி எழுதுங்க. மறுநாள் நோட்டைத் திறக்காம முதல் பத்து மூவை வெச்சுப் பாருங்க. சிரிச்ச இடம் முதல்ல ஞாபகம் வரும், அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததும் வரும்.

7. உடம்பையும் கவனிங்க

பெரிய காய், நல்ல வெளிச்சம், முதுகு சாயுற நாற்காலி, பக்கத்துல தண்ணி. ஒரு ஆட்டம் முடிஞ்சா எழுந்து நடங்க. 2003-ல வெளியான நியூயார்க் ஆய்வு ஒண்ணு, 75 வயசைத் தாண்டினவங்களைப் பல வருஷம் கவனிச்சுது. படிக்கிறது, போர்டு கேம் ஆடுறது, வாத்தியம் வாசிக்கிறது, நடனம் ஆடுறதுன்னு பழக்கம் உள்ளவங்களுக்கு டிமென்ஷியா வந்தது குறைவா இருந்துது. அதுக்காக செஸ் ஆடினா மறதியே வராதுன்னு நினைக்காதீங்க. வருஷக்கணக்கா ஆடினவர் திடீர்னு குதிரை எப்படிப் போகும்னு தடுமாறினா, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டா, சிரிச்சு விட்டுடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

நாளைக்கான கேள்வியை நானே தர்றேன். எட்டு ராணிகளை, ஒண்ணை ஒண்ணு வெட்டாதபடி ஒரே போர்டுல வைக்கணும். ராணிக்குப் பதிலா எட்டு புளியங்கொட்டை போதும். 92 வழி இருக்கு, உங்களுக்கு ஒண்ணு கிடைச்சாலே போதும். கிடைச்சதும் கலைச்சிட்டு எதிராளியை உட்கார வைங்க.