வைரம் எங்கே இருக்கிறது?

போன ஐப்பசி மழையில் எங்கள் தோட்டத்துப் பட்டறை சாய்ந்துவிட்டது. அப்பா அதில்தான் மோட்டார் ரிப்பேர் பார்ப்பார். கால் நட்டிருந்தது இளந்தென்னை. மண்ணுக்குள் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. கையால் பிய்த்தால் அவல் மாதிரி உதிர்ந்தது. நனைந்துபோன இரண்டு மோட்டாருக்கும் அப்பாதான் காசு கொடுத்தார்.

மறுபடி கட்ட மரம் பார்க்கத் தச்சர் தாத்தா வந்தார். அவர் சொன்னது இது. வேம்பு, பூவரசு, கருவேலத்துக்கெல்லாம் நடுவில்தான் வைரம். சிவந்தோ கறுத்தோ இருக்கும். சுற்றியுள்ள வெளுப்பு சீக்கிரம் உளுத்துப்போகும், அதைச் செதுக்கித் தள்ளணும். பனைக்கும் தென்னைக்கும் நேர்மாறு! வெளிப்பக்கம் இரும்பு, நடுவில் வெறும் சோறு. அதுவும் வயசான மரமா இருக்கணும். (இரண்டும் ஒருவித்திலைத் தாவரம். அதனால்தான் ஆண்டு வளையமும் கிடையாது.)

பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அதனால் பழைய தொழுவத்துப் பனங்கைகளையே கூரைக்கு எடுத்துவைத்தோம். கால்களுக்குக் கொல்லை வேம்பு. வெட்டும்போது ஆத்தா வெளியே வரவே இல்லை.

அப்பாவுக்கு உடனே நடணும். தாத்தா விடலை. பச்சை மரம் காயும்போது முறுக்கும், வெடிக்கும். நிழலில், காற்றுப் புக நடுநடுவே குச்சி வைத்து அடுக்கச் சொன்னார். நடும்போதும் மண்ணில் புதைக்காமல் கருங்கல் மேல் நிறுத்தணுமாம்.

ஆடி வரைக்கும் அப்பாவுக்குத் திண்ணைதான் பட்டறை. நான் படிக்கிற இடமும் அதுதான்!