பயற்றங்கொடியில் அசுவினி

வீட்டின் பின்புறம் படர்ந்த பயற்றங்கொடியில் எறும்புகள் சாரைசாரையாக ஏறுகின்றனவா? தளிரையும் இலையின் அடிப்புறத்தையும் உற்றுநோக்குங்கள். அங்கே கருநிற அசுவினிப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீரை நாடியே எறும்புகள் வருகின்றன. அசுவினியின் பகைவர்களை விரட்டிக் காவலும் புரிகின்றன.

மிகுதியாகத் தாக்கப்பட்ட தளிர்களைக் கிள்ளி அழிக்கவும். 1 லிட்டர் நீரில் 1 தேக்கரண்டி சவர்க்காரத் திரவம் கலந்து, பூச்சிகள் நனையுமாறு மாலையில் தெளிக்கவும். அளவு மிகுந்தால் இலை கருகும். 5 நாள் கழித்து மீண்டும் தெளிக்கவும். பொறிவண்டைக் கொல்ல வேண்டாம். அது அசுவினியைத் தின்னும் நண்பன்.

வேலைக்காட்டில் மிஞ்சிய நச்சுமருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தெளித்தல் ஆகாது. இக்கொடியில் நாளை பறிக்கும் காய் நம் பிள்ளைகளின் உணவன்றோ?