தண்டனையும் பொறுப்பும்

அமெரிக்க எழுத்தாளர் பென் மைக்கேல்சன் 2001-இல் இளைஞர்க்கென எழுதிய புதினம் ‘டச்சிங் ஸ்பிரிட் பேர்’. அதன் நாயகன் கோல், 15 வயதுச் சிறுவன். தன் திருட்டைக் காட்டிக்கொடுத்த பீட்டர் என்னும் மாணவனை, நடையும் பேச்சும் தடுமாறும் அளவுக்கு அவன் தாக்குகிறான். சிறைக்கு மாற்றாக, அலாஸ்காத் தீவொன்றில் ஓராண்டுத் தனிவாசம் விதிக்கப்படுகிறது. அங்கும் சினம் அடங்கவில்லை. தனக்கெனக் கட்டப்பட்ட குடிலையே எரிக்கிறான். வெண்ணிறக் கரடியொன்றைக் கொல்ல முயன்று, அதனால் குதறப்படுகிறான். உயிர் பிழைத்தபின் பிறரைப் பழிப்பதை விடுகிறான்.

ஆயினும், அவன் மனம் திருந்தியதோடு கதை முடியவில்லை. தற்கொலைக்கு முயன்ற பீட்டர் பின்னர் அத்தீவுக்கே வருகிறான், கோலைத் தாக்குகிறான். கோல் திருப்பி அடிக்கவில்லை. பீட்டரின் அச்சம் நீங்கத் துணைநிற்கிறான். தண்டனையை ஏற்பது ஒன்று. இழைத்த தீங்கிற்கு ஈடுசெய்வது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே இப்புதினத்தின் சிறப்பாகும்.